யார் எழுத்தென்று பார்க்க மாட்டேன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும், என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னால் யார் எழுதியது என்று பார்ப்பேன். பதினாறு வருடமாக உயிரியல் டீச்சர். ரெக்கார்டு நோட்டு திருத்தித் திருத்தி, இருநூறு பிள்ளைகளின் எழுத்தும் கண்ணுக்குள்ளேயே குடியிருக்கிறது. பெயர் எழுதாத விடைத்தாள் ஒன்று ஸ்டாஃப் ரூமில் அநாதையாகக் கிடந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். ஒரு பார்வை பார்ப்பேன், ஆளைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குத் திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தத் திமிர் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ஹைதராபாத் சனத்நகரில். வீடு கொண்டாப்பூரில். நானும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனும் ஒரே ஸ்கூட்டரில் போய் ஒரே ஸ்கூட்டரில் வருவோம். டீச்சர் பிள்ளைகளுக்கு ஃபீஸில் சலுகை உண்டு என்பதால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேரின் பிள்ளைகள் அங்கேதான் படிக்கின்றன. டீச்சர் பிள்ளைகளுக்கென்று எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டால் அம்மா கிடையாது, மேடம்தான். என் மகன் அதை ஒன்றாம் வகுப்பிலேயே படித்துக்கொண்டான். வயிற்றுவலி என்றால்கூட "மேடம், ஸ்டமக் பெயின்" என்பான். நானும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு "சிக் ரூமுக்குப் போ" என்பேன். என்ன நாடகம் அது!

இன்னொரு எழுதாத சட்டம் 'அந்தப் பாடம்' பற்றியது. வளரும் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய பாடம் வரும்போது பல டீச்சர்கள் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வராது" என்று நாலு பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். நான் தாண்ட மாட்டேன் என்று சண்டை போட்டேன். பிரின்சிபால் நல்ல அம்மாள்தான், ஆனால் பெற்றோர் புகார் என்றால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. பெண் பிள்ளைகளை மட்டும் லேபில் உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, 'தன்சுத்தம்' என்ற பெயரில் நான் சொல்லிக்கொடுக்கலாம். அந்த நேரம் பையன்களைப் பி.டி. சார் கிரவுண்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

வருடா வருடம் நான் கத்துவேன். "பையன்களுக்கு உடம்பு இல்லையா மேடம்? அவர்கள் மட்டும் ஆகாயத்திலிருந்து குதித்தார்களா?" வருடா வருடம் பிரின்சிபால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார். ஆனால் அந்த வருடம் நான் கத்தவில்லை. "சரி மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்ததும் அப்பாடா என்று இருந்தது. என் மகன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தான். முன்வரிசையில் அவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் எப்படி வாயைத் திறப்பேன்? இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

வகுப்புக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்தேன். என் மகனின் புது ஷூ வந்த அட்டைப் பெட்டி. ஒரே வருடத்தில் ஆறாம் நம்பரிலிருந்து எட்டாம் நம்பருக்குப் போயிருந்தான், தடிப்பயல். மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு லேப் வாசலில் வைத்தேன். "கேட்கக் கூச்சமாக இருப்பதை எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம்" என்றேன். முதல் பெஞ்சு பெண் ஒருத்தி, வகுப்பு லீடர், உடனே கையைத் தூக்கினாள். "மேடம், உங்களுக்குத்தான் எல்லாருடைய எழுத்தும் தெரியுமே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "யார் எழுத்தென்று பார்க்க மாட்டேன். ப்ராமிஸ்" என்றேன்.

முதல் வாரம் பெட்டி பாதி நிறைந்தது. முகப்பரு, முடி, தீட்டு நாளில் ஊறுகாய்ப் பாட்டிலைத் தொட்டால் கெட்டுப்போகுமா என்று நாலு பேர். எனக்குக் கொண்டாட்டம். ஊறுகாயை நன்றாக நாலு போடு போட்டேன். இரண்டாம் வாரம் ஒரு சீட்டு வந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான்காக, எட்டாக, பதினாறாக மடித்திருந்தது.

"இந்த நோய் வாரம் ஒருமுறை தூக்கத்தில் வருகிறது. துணி கெட்டுவிடுகிறது. பொடி சாப்பிட்டும் நிற்கவில்லை. இப்படியே போனால் ஒருவர் எத்தனை மாதம் உயிரோடு இருப்பார்?"

யாரோ ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போகிறது, வீட்டில் யாரோ கண்ட பொடியைக் கொடுக்கிறார்கள், அந்தக் குழந்தை செத்துப்போவோம் என்று நினைத்துக்கொண்டு என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வேறு மாதிரி நினைக்கவே தோன்றவில்லை. பெட்டி பெண்களுக்கு வைத்த பெட்டிதானே?

எழுத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னேனே தவிர, கண் பார்க்காமல் இருக்குமா? இங்கிலீஷ் 'ஐ' எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதில் குட்டியாக ஒரு வட்டம். அந்த வகுப்பில் அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான். கையைத் தூக்கிக் கேட்டாளே, அந்த லீடர்.

இரண்டு நாள் அலைபாய்ந்தேன். சாக்பீஸை எடுத்துவிட்டு எதற்கு எடுத்தேன் என்று மறந்து நின்றேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார முடியவில்லை, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. பி.டி. சார்தான் பார்த்துவிட்டுக் கேட்டார். அவர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு அரக்கோணம் பக்கமிருந்து வந்தது. அவர் தமிழில் ஹைதராபாத் ஏறி உட்கார்ந்திருக்கும்; ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

"இன்னா மேடம், பூனை கணக்கா சுத்தினுகீறீங்க? கைக்கு இவ்ளோ டென்ஷன்?"

பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"நக்கோ மேடம். ப்ராமிஸ் பண்ட்டீங்க இல்ல? கிளாஸ்ல பொதுவா பதில் சொல்லிட்டு வுட்ருங்க. கூப்ட்டு நோண்டாதீங்க."

"பிள்ளை செத்துப் போச்சுன்னா? அப்பவும் ப்ராமிஸ்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று சீறினேன். அவர் விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே அந்தப் பெண்ணை லேபுக்குக் கூப்பிட்டேன். சீட்டை மேசையில் வைத்தேன். அவள் முகம் வெளுத்தது. "நான் எழுதவில்லை மேடம்" என்றாள். "பொய் சொல்லாதே. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, கண்டுபிடித்துவிட்டேன் என்று. இப்போது நினைத்தால் கூசுகிறது. அவள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன், தண்ணீர் கொடுத்தேன். என் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் பிரின்சிபாலிடம் போனேன். பிரின்சிபால் அவள் அம்மாவுக்குப் போன் போட்டார்.

அந்த அம்மா ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஷிஃப்டிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். வேலைக்குப் போடும் தொப்பியின் தடம் நெற்றியில் இன்னும் சிவப்பாக இருந்தது. "நா பிட்ட ஏம் சேசிந்தி மேடம்?" என்று கேட்டார், என் பிள்ளை என்ன செய்தாள் என்று. ஒன்றும் செய்யவில்லை, உடம்பு சரியில்லையோ என்று சந்தேகம் என்று பிரின்சிபால் இழுத்தார். பள்ளிக்கூடத்தில் வயதுக்கு வந்த பெண்ணின் தாயைக் கூப்பிட்டு இப்படி இழுத்தால் அந்தத் தாய்க்கு என்ன தோன்றும்? என்ன தோன்ற வேண்டுமோ அதுதான் தோன்றியது. எங்கள் கண்ணெதிரிலேயே பெண்ணை ஓர் அறை அறைந்தார். அப்புறம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மறுநாள் காலை அந்த அம்மா டாக்டர் கொடுத்த சீட்டோடு வந்தார். உங்கள் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். பெண் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரம் பெட்டியைத் திறந்தேன். ஒரு சீட்டுகூட இல்லை.

ஆனால் யாருக்கோ அந்த நோய் இருக்கிறது. யாரோ பொடி தின்கிறார்கள். மாதக் கணக்கு பார்க்கிறார்கள். யார்? கேட்பதற்கு இருந்த ஒரே வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. புருஷன் ஹாலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். மகன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். ஒரு மாதமாக அப்படித்தான். வளர்கிற வயதில் இளைக்கிறானே என்று முனகிக்கொண்டே பால்கனிக்குப் போனேன். கொடியில் அவன் படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அவனே துவைத்துப் போட்டது.

அந்த விரிப்பைப் பற்றி நான் ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். "எம்மவன் அவன் பெட்ஷீட்டை அவனே துவைக்கான், தெரியுமா? சொல்லவே வேண்டாம்! உங்க வீட்டுல எந்தப் பய துவைக்கான்?" மற்ற டீச்சர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்கத்தில் வருகிறது. துணி கெட்டுவிடுகிறது.

அட பாவி மகளே! வேலி போட்டுப் பெண்களை உள்ளே வைத்தேன், பையன்களை வெளியே துரத்தினேன், வெளியே நின்றவன்தான் கேட்டிருக்கிறான். அந்தப் பெண் அவன் பக்கத்து பெஞ்சு. தன் எழுத்தில் எழுதினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று அவளை எழுதச் சொல்லியிருக்கிறான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. நான்தான் அந்தப் பல்லி.

புருஷனிடம் ஓடினேன். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுச் சொன்னேன். அவர் முகம் சிவந்து, "நீயே சொல்லேன், நீதானே டீச்சர்" என்றார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். நானும் அதே லட்சணம்தான் என்பதால் மூடிக்கொண்டேன். இரண்டு நாளாக வீட்டுக்குள் மகனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முகத்தைப் பார்த்தால் வார்த்தை வரவில்லை. நாற்பது பெண்களுக்கு முன்னால் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள், ஒரு பையனிடம் ஒரு வாக்கியம் பேச முடியாமல் "தோசை வேணுமா, தோசை வேணுமா" என்று நாலு தரம் கேட்டேன்.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரில்தான் முடிந்தது. முகம் பார்க்க வேண்டாம் அல்லவா? சிக்னல் தாண்டி, லாரிகளுக்கு நடுவில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏல, அந்தச் சீட்டு ஒன்னோடதா?"

கொஞ்ச நேரத்தில் அவன் ஹெல்மெட் என் முதுகில் வந்து இடித்தது. சாய்ந்துகொண்டான். குலுங்குவது தெரிந்தது. பாலத்துக்கு அடியில் ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"நேனு சச்சிப்போதானா அம்மா?" என்றான். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும் அவனுக்கு. செத்துப்போய்விடுவேனா அம்மா என்று கேட்டான், உடைந்துகொண்டிருக்கிற குரலில்.

"யாருல சொன்னா அப்படி?"

அவன் கையை நீட்டினான். பாலத்தடிச் சுவர் முழுக்க மஞ்சள் பெயிண்டில் விளம்பரம். ரகசிய நோய்கள், தூக்கத்தில் சக்தி வீணாவது, ஒரு சொட்டு போனால் நூறு சொட்டு ரத்தம் போனதற்குச் சமம், உடனே வாருங்கள், லாட்ஜின் பெயர், ரூம் நம்பர். நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். எனக்குத் தெரிந்தது பள்ளமும் லாரியும்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் வருடக்கணக்காக அதை வாசித்துக்கொண்டே வந்திருக்கிறான். நான் மூடி வைத்த பாடத்தை அந்தச் சுவர் அவனுக்கு நடத்தியிருக்கிறது.

"அது நோயே இல்லைல. ஒன் வயசுல எல்லா பயலுக்கும் வரும். கொரல் ஒடையுதுல்லா, மீசை மொளைக்குல்லா, அது மாதிரிதான் இதும். ஒரு சொட்டு ரத்தமும் போவல, ஒரு மண்ணும் போவல. ஒங்கப்பாவுக்கும் வந்திருக்கும். சாவவா செஞ்சாரு? ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காருல்லா?"

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டான். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இது மேடம் சொல்வதா, அம்மா சொல்வதா என்று கேட்டான்.

"ரெண்டு பேரும் சேந்துதாம்ல சொல்லுதோம்" என்றேன்.

அந்த லாட்ஜில் வாங்கிய பொடிப் பொட்டலம் அவன் பையில் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருந்தது. அன்று இரண்டு பேரும் பள்ளிக்குப் போகவில்லை. நேராக டாக்டரிடம் போனோம். பொடியில் என்ன கலந்திருந்ததோ, அதுதான் அவன் வயிற்றைக் கெடுத்திருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் இல்லை, நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார்கள். நிறுத்தினான், சாப்பிட ஆரம்பித்தான்.

அந்தப் பெண்ணை லேபில் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், தப்பு என்னுடையது என்று கேட்டேன்.

"நீங்கள் ப்ராமிஸ் பண்ணினீர்கள் மேடம்" என்றாள். "நானும் ஒருத்தருக்கு ப்ராமிஸ் பண்ணியிருந்தேன். நான் சொல்லவில்லை."

பதினாலு வயது. அம்மாவிடம் அடி வாங்கியும் வாயைத் திறக்காதவள். அவள் அம்மாவையும் கம்பெனி வாசலில் காத்திருந்து பார்த்தேன். என்னால்தான் வந்தது, உங்கள் பெண் தங்கம் என்றேன். "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அடுத்த முறை ரெக்கார்டு நோட்டு திருத்தும்போது பார்த்தேன், அந்தப் பெண்ணின் 'ஐ' மேல் வட்டம் இல்லை. எல்லாரையும் போல வெறும் புள்ளி. எழுத்தையே மாற்றிக்கொண்டுவிட்டாள்.

பிரின்சிபாலிடம் போய், அந்தச் சீட்டு ஒரு பையனுடையது, இனிமேல் பையன்கள் கிரவுண்டுக்குப் போகக்கூடாது என்றேன். "எந்தப் பையன்?" என்றார். "சொல்ல மாட்டேன்" என்றேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். ரொம்ப நேரம் பேனாவை உருட்டினார். பி.டி. சாரும் கூட உட்கார்ந்தால் சரி என்றார்.

பி.டி. சாரிடம் பாலத்தடிச் சுவர் விளம்பரத்தையும் சொல்லிக் கேட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விடுகிறீர்களே என்பார் என்று நினைத்தேன். அவர் விசிலைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"ஹவ் மேடம், ஒக்கார்றேன். அந்த மாதிரி லாட்ஜ் ரூமுக்கு நானும் போய்கீறேன், பத்தாவது படிக்கச் சொல்ல. ஒரு வருசம் மருந்து துன்னேன். இத்தினி வருசமா பசங்கள இட்டுனு போய் ரவுண்டு வுட்டேனே தவிர, ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

அதே ஷூ பெட்டியை வைத்தேன். இந்த முறை ப்ராமிஸ் எதுவும் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது? ஒரு வாரம் காலியாகவே கிடந்தது. வகுப்பு நாளன்று குலுக்கினேன். உள்ளே ஏதோ நகர்ந்தது.

லேபில் பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் பல்லி, பூரான் அடைத்த பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பி.டி. சார் கடைசி ஸ்டூலில். என் மகன் மூன்றாவது வரிசையில் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஐந்து சீட்டு இருந்தது. முதல் சீட்டைப் பிரித்தேன்.

எழுத்து வலதுபுறம் சாய்ந்திருந்தது. இங்கிலீஷ் 'ஜி'க்கு வால் இல்லை. அந்த வாலுக்காக ஒன்றாம் வகுப்பிலிருந்து எத்தனை தரம் விரல் முட்டியில் தட்டியிருக்கிறேன்! மறைக்கவில்லை, வேறு யாரையும் எழுதச் சொல்லவில்லை. சத்தமாக வாசித்தேன்.

"இதையெல்லாம் எங்களுக்கு முன்னாலேயே ஏன் சொல்லவில்லை?"

இதற்குப் பாடப் புத்தகத்தில் பதில் கிடையாது.

"ஏனென்றால், டீச்சருக்குப் பயமாக இருந்தது" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், அந்த லீடர் பெண்கூட. பி.டி. சார் மட்டும் சிரிக்கவில்லை. நான் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். பின்னாலிருந்து ஒருவன் "யாருது மேடம் அது?" என்று கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றேன்.